30 செ.மீ. எங்கிருந்து அளந்தது?

வேர்முடிச்சு:
நேற்று இந்த மன்றத்தில் பால்கனிக்கொடி தன் தக்காளி நாற்று வாடுகிறது என்று கேட்டிருந்தார். அறைக்குள் வளர்ப்பு, 100 வாட் எல்இடி பலகை, 18 மணி நேரம் வெளிச்சம், விளக்கு 30 செ.மீ. உயரம், தினமும் தண்ணீர். அதற்கு ஒளிமானி எழுதிய பதில்: "இலை தொங்கினால் ஒளி அதிகம். விளக்கைத் தூக்குங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்." படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. தினமும் தண்ணீர் என்ற இரண்டு சொல் அவர் கண்ணில் படவே இல்லையா? மண்ணின் இடுக்குகளில் எல்லாம் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடையாது. அப்போது வேரில் உருவாகும் ஏசிசி என்ற பொருள் மேலே ஏறி எத்திலீன் என்ற வாயுவாக மாறும். காம்பின் மேல்பக்கம் வேகமாக வளர்ந்து இலை கீழே வளையும். தக்காளியில் இது எத்தனையோ முறை பார்த்தாயிற்று. விளக்கைத் தூக்கினால் வேருக்குக் காற்று வருமா?

ஒளிமானி:
ஏசிசி, எத்திலீன் எல்லாம் எனக்கும் தெரியும். 30 செ.மீ. உயரத்தில் 100 வாட் பலகை, 18 மணி நேரம். 25 நாள் நாற்றுக்கு இது வெளிச்சம் இல்லை, தண்டனை. அவ்வளவுதான் சொன்னேன்.

வேர்முடிச்சு:
30 செ.மீ. என்றால் எங்கிருந்து? மண்ணிலிருந்தா, தொட்டி விளிம்பிலிருந்தா, கொழுந்திலிருந்தா? அதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டீர்களே. நாற்று 18 செ.மீ. உயரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். மண்ணிலிருந்து அளந்திருந்தால் கொழுந்துக்கும் விளக்குக்கும் 12 செ.மீ. தான் இடைவெளி.

ஒளிமானி:
அப்படியானால் என் பக்கம்தானே பேசுகிறீர்கள்! 30 எங்கே, 12 எங்கே. இரண்டரை மடங்கு நெருக்கம் என்றால் வெளிச்சம் ஆறு மடங்குக்கு மேல்.

வேர்முடிச்சு:
ஆறு மடங்காம். தூரத்தின் வர்க்கத்துக்குக் குறையும் என்ற கணக்கு ஒரு புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்துக்கு. அகலமான பலகைக்குப் பக்கத்தில் அது செல்லாது. மூலச் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் இப்படித்தான்.

மண்புழு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "வாடல்" என்று எதைச் சொல்கிறோம்? இலை துவண்டு துணி மாதிரி தொங்குகிறதா? கெட்டியாகவே இருந்து காம்பு மட்டும் வளைந்திருக்கிறதா? இல்லை ஓரம் மேலே சுருண்டிருக்கிறதா? மூன்றும் மூன்று கதை. வறண்டால் துவளும், தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும். தண்ணீர் மிகுந்தால் காம்பு வளையும், தொட்டி கனமாக இருக்கும். ஒளி மிகுந்தால் விளக்குக்குப் பக்கத்து இலைதான் முதலில் ஓரம் மடங்கி வெளிறும், அடி இலை நன்றாகவே இருக்கும்.

வேர்முடிச்சு:
நன்றி மண்புழு, ஆனால் கேள்வி அது இல்லை. 30 செ.மீ. எங்கிருந்து?

பால்கனிக்கொடி:
வணக்கம், செடி என்னுடையதுதான். நாடா வைத்துத்தான் அளந்தேன். மண்ணிலிருந்து என்று நினைக்கிறேன். இல்லை, விளிம்பிலிருந்து. நடுவில் ஒரு முறை சங்கிலியில் இரண்டு கண்ணி தூக்கியும் விட்டேன். போனில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் செயலி வைத்துப் பார்த்ததில் 42,000 காட்டியது.

ஒளிமானி:
பாருங்கள். வெள்ளை எல்இடிக்கு லக்ஸை 67 வாக்கில் வகுத்தால் செடிக்குப் பயன்படும் ஒளி ஒரு நொடிக்குச் சதுர மீட்டருக்கு 620 மைக்ரோமோலுக்கு மேல் வருகிறது. 18 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 40 மோல். நாற்றுக்கு அதில் பாதியே தாராளம். இன்னும் என்ன வேண்டும்?

பழைய வாளி:
போன் செயலி கணக்கா! போன மாதம் என் மிளகாயைச் சுற்றிப் பறந்த கொசு மாதிரிப் பூச்சிக்கும் இதே ஒளிமானி "வெளிச்சத்தைக் கூட்டுங்கள்" என்றார். கூட்டினேன். பூச்சி போகவில்லை, இலைதான் வெளிறியது. மேல்மண்ணைக் காயவிடுங்கள் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

ஒளிமானி:
வாளி, அந்தப் பழைய விவாத இழையை இன்னும் பிடித்துத் தொங்குகிறீர்களா? மேல்மண்ணைக் காயவிடச் சொன்னதே நான்தான். நீங்கள் காயவிடவில்லை.

பழைய வாளி:
சொன்னீர்களாம். பழைய இழையைத் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வேர்முடிச்சு:
போனை எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் பிடித்தார்? விளக்கில் ஒட்டிப் பிடித்தால் 42,000 என்ன, 80,000 கூட வரும். கொழுந்து உயரத்தில் பிடித்தாரா என்பதை முதலில் சொல்லட்டும். திரும்ப அதே கேள்விக்குத்தான் வருகிறோம்: எங்கிருந்து 30?

ஒளிமானி:
எங்கிருந்து என்றால் என்ன? எல்லோரும் கொழுந்திலிருந்துதான் அளப்பார்கள்.

வேர்முடிச்சு:
எல்லோரும் என்றால் யார்? எனக்குத் தெரிந்து பாதிப் பேர் தொட்டி விளிம்பில் அளவுகோலை வைக்கிறார்கள். நீங்களே உங்கள் மிளகாய் இழையில் "விளிம்பிலிருந்து 45" என்று எழுதியிருக்கிறீர்கள். எடுத்துப் போடட்டுமா?

ஒளிமானி:
அது செடி முளைக்காத நாளில் எழுதியது. கொழுந்தே இல்லாதபோது வேறு எங்கிருந்து அளப்பது, காற்றிலிருந்தா?

மண்புழு:
ஹா ஹா. சரி, செடியைப் பற்றி யாராவது?

பால்கனிக்கொடி:
இலை கெட்டியாகத்தான் இருக்கிறது, கீழே வளைந்திருக்கிறது. மேல் இலையில் வெளிறல் எதுவும் தெரியவில்லை. தொட்டியை ஓர் அலங்காரத் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன், அதற்குத் துளை இல்லை. அடியில் இரண்டு விரல் உயரம் தண்ணீர் நிற்கிறது. இதெல்லாம் பிரச்சினையா?

ஒளிமானி:
வெளிறல் வரச் சில நாள் ஆகும். எல்இடியில் அகச்சிவப்பு குறைவு, இலை அவ்வளவாகச் சூடாகாது, அதனால் கையை நீட்டிப் பார்த்துச் சூடு இல்லை என்று ஏமாந்துவிடுவார்கள். சூடு வேறு, வெளிச்சம் வேறு. விளக்கைத் தூக்குங்கள்.

வேர்முடிச்சு:
சூடு பற்றி யார் பேசினார்கள்? கேள்வியை மாற்றுவது உங்கள் பழைய வித்தை. 30 என்று நம்பி நீங்கள் ஒரு முடிவுக்கு வந்தீர்கள், அந்த 30 எங்கிருந்து என்று தெரியாமல். இதை ஒப்புக்கொள்ளுங்கள், நான் போய்விடுகிறேன்.

மண்புழு:
அவர் இப்போது என்ன எழுதினார் என்று இருவரும் படித்தீர்களா? இரண்டு விரல் தண்ணீர். துளையில்லாத தொட்டி.

வேர்முடிச்சு:
அதைத்தானே முதல் பதிவிலிருந்து சொல்கிறேன்! ஆனால் மண்புழு, நீங்கள் "தொட்டி கனமாக இருக்கும்" என்று பொதுவாக எழுதிவிட்டீர்கள். கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை நனைந்தாலும் மண் அளவுக்குக் கனக்காது. புதிதாக வருகிறவர்களை அப்படிக் குழப்பக்கூடாது.

மண்புழு:
உங்கள் பக்கம் பேசினதற்கு எனக்கு இது வேண்டும்தான்.

ஒளிமானி:
தண்ணீரும் நிற்கட்டும், வெளிச்சமும் அதிகம். இரண்டும் சேர்ந்து இருக்கக்கூடாதா? தக்காளிக்கு 24 மணி நேரமும் வெளிச்சம் கொடுத்தால் இலை மஞ்சளாகிக் கெடும் என்பது பழைய ஆராய்ச்சி.

வேர்முடிச்சு:
அவர் கொடுப்பது 18. இருபத்து நாலு இல்லை. இப்போது மணிக்கணக்கும் தடுமாறுகிறதா?

ஒளிமானி:
உதாரணத்துக்குச் சொன்னால்கூடப் பிடித்துக்கொள்கிறீர்கள்.

பழைய வாளி:
தேடிவிட்டேன். "மேல்மண்ணைக் காயவிடுங்கள்" என்று எழுதியது ஒளிமானி இல்லை, வேறு ஒருவர். அதுவும் நான் கேட்டு ஒரு வாரம் கழித்து.

ஒளிமானி:
வேறு ஒருவர் எழுதியதற்கு முன்னால் தனிச்செய்தியில் நான் சொன்னேன்.

பழைய வாளி:
எனக்குத் தனிச்செய்தியே வரவில்லை.

பால்கனிக்கொடி:
அண்ணா, உள்தொட்டியை வெளியே எடுத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டேன். வேரைப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் இருக்கிறது, வாடையும் இல்லை. இனி விளக்கைத் தூக்க வேண்டுமா வேண்டாமா?

ஒளிமானி:
தூக்குங்கள்.

வேர்முடிச்சு:
தொடாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. தண்ணீர் மட்டும் மாறட்டும், மேல்மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காயட்டும். அப்புறம் கொழுந்து நுனியிலிருந்து, நுனியிலிருந்து மட்டும், அளந்து எழுதுங்கள்.

பால்கனிக்கொடி:
அளந்தேன். 16 செ.மீ.

ஒளிமானி:
16! 16 என்றால் நான் சொன்னதைவிட மோசம்.

வேர்முடிச்சு:
நீங்கள் சொன்னது 30. இப்போது 16 உங்களுடையது ஆகிவிட்டதா? அதுசரி, இந்த 16 விளக்கின் சட்டத்திலிருந்தா, உள்ளே ஒளிரும் டையோடிலிருந்தா?