நிக்காஹில் வீடு வாங்கிய தங்கைக்கு மீண்டும் பாகம் உண்டா?

துபாய்க் காயலான்:
அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா சென்ற மாதம் மவுத்தாகிவிட்டார்கள். உம்மா, நான், இரண்டு தங்கைகள். ஊர் காயல்பட்டினம். ஊர் வழக்கப்படி மூத்த தங்கைக்கு நிக்காஹின்போதே வாப்பா வீடு எழுதிக் கொடுத்தார்கள். மச்சான் அங்கேதான் இருக்கிறார். நாங்கள் குடியிருக்கும் வீடு இளையவளுக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள், எழுதவில்லை. ஒரு கடையும் கொஞ்சம் பணமும் உண்டு. மூத்தவள் வாங்கிவிட்டாள், இனி அவளுக்குப் பாகம் கிடையாது என்கிறார் வாப்பாவின் தம்பியான சாச்சா. சரியா?

கடற்கரைத் தெரு:
சாச்சா சொல்வதுதான் நியாயம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பிரித்தோம்.

பழைய வாத்தியார்:
அப்படிப் பிரித்தவர்கள் பலர். அதனால் அது சரியாகிவிடாது. வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்து, மகள் கைவசம் எடுத்துக்கொண்டது ஹிபா, அதாவது அன்பளிப்பு. அது சொத்துக் கணக்கிலேயே வராது. அவளுடைய பாகத்தையும் குறைக்காது. இளையவளுக்கு வாயால் சொன்ன வீடு அப்படியல்ல. கைமாறாததால் பாகத்தில் சேரும். வாரிசுக்கு வஸிய்யத்தும் (மரண சாசனமும்) இல்லை. எல்லோரும் மனமொப்பி அவளுக்கே விட்டால் நல்லது.

முதலில் கஃபன் (அடக்கச்) செலவு, பிறகு கடன். வாப்பாவின் பெற்றோர் உயிரோடு இல்லையென்றால் மீதியை 32 பங்காக்குங்கள்: உம்மாவுக்கு 4, உங்களுக்கு 14, தங்கைகளுக்கு 7, 7. மகன் இருப்பதால் சாச்சாவுக்குப் பங்கு கிடையாது. ஆலோசனை மட்டும் சொல்லலாம்.

இந்தச் சட்டம் வந்த கதையிலும் ஒரு சாச்சா உண்டு. நபியவர்கள் காலத்து உஹதுப் போர், 625. மதீனாவைச் சேர்ந்த ஸஅத் இப்னு ரபீஃ அதில் ஷஹீதானார் (உயிர்த்தியாகம் செய்தார்). அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு பெண்பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு நபியவர்களிடம் போய், சொத்தில்லாமல் இவர்களை யார் கட்டிக்கொள்வார்கள் என்று முறையிட்டார். அதன் பிறகே பாகப்பிரிவினை வசனம் இறங்கியது. மகன் இல்லாததால் அந்தப் பெண்பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம்தான் உனக்கு என்று அந்தச் சகோதரருக்குத் தீர்ப்பானது. போருக்குப் போகாதவருக்குப் பங்கில்லை என்றிருந்த அரபு நாட்டில்!

சிறுநெய்னார் பேத்தி:
வாத்தியார் கணக்கு சரி. 14 வாங்குகிற காக்கா (அண்ணன்) ஒன்றை மறக்கக் கூடாது: உம்மாவின் செலவும் கல்யாணமாகாத தங்கையின் செலவும் அவர் தலையில்தான். தங்கைகளின் 7 அவர்களுக்கே சொந்தம், அதில் ஒரு ரூபாய்கூட வீட்டுக்குக் கேட்க முடியாது.

இன்னொன்று. பெண்ணுக்கு மாப்பிள்ளை மஹர் (மணக்கொடை) கொடுக்க வேண்டும் என்பது குர்ஆன். பெண்ணுக்கு வாப்பா வீடு கட்ட வேண்டும் என்பது நம் ஊர். எனக்கும் வீடு கிடைத்தது. சொந்த வீட்டில் இருப்பதால் மாமியார் தொல்லை தெரியாமல் வாழ்கிறேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நாலு பெண்களுக்கு நாலு வீடு கட்டவே என் வாப்பா கடல் கடந்து கிழவரானார்.

துபாய்க் காயலான்:
ஜஸாக்கல்லாஹ். கடன் என்றதும் உம்மாவிடம் விசாரித்தேன். மஹராக வந்த நகையைக் கடை தொடங்க வாப்பா கைமாற்றாக வாங்கினார்களாம், திருப்பவில்லை. உம்மா அதைப் பேச வேண்டாம் என்கிறார்கள்.

பழைய வாத்தியார்:
பேச வேண்டாம் என்பது வேறு, மனமுவந்து விட்டுக்கொடுத்தேன் என்பது வேறு. தங்கைகளை வைத்துக்கொண்டு ஒருமுறை தெளிவாகக் கேளுங்கள். விடவில்லையென்றால் அந்த நகைக்கு ஈடானதை உம்மாவிடம் கொடுத்த பிறகுதான் 32 பங்கு.