பட்டனா, நான்கு எண்களா? பழைய டூரிங் பைக்கை வாங்கிய வாரமே நெடும்பயணம் கிளம்பலாமா?

பழைய பிஸ்டன்:
நண்பர் புதுச்சாவி, ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்த டூரிங் பைக் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், அடுத்த வாரமே மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு 2000 கிலோமீட்டர் போய்வர இருப்பதாகவும் சொல்லி, எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று நேற்றுக் கேட்டிருந்தார். அதற்குக் காற்றோடு கலந்தவன் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் மேடுபள்ளம், இருந்து, என்ஜின் சத்தமும் சுத்தமாக இருந்தால், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாமாம். இதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. டயரின் பக்கச்சுவரில் "டாட்" என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், சிறு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. 1418 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று பொருள். அதிகம் ஓடாமல் கொட்டகையில் நின்ற வண்டிகளில்தான் பட்டன் புத்தம் புதிதாக இருக்கும், ரப்பர் மட்டும் மரக்கட்டையாகிப் போயிருக்கும். அந்த நான்கு எண்களைப் படிக்காமல் ஒருவரைப் பயணம் அனுப்புவது ஆலோசனை அல்ல, பொறுப்பின்மை.

காற்றோடு கலந்தவன்:
பிஸ்டன் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் டயரின் ஜாதகத்தைக் கணிக்கிறீர்கள், நான் டயரைப் பார்க்கிறேன். நான் வாங்கிய ஐந்து வண்டிகளும் பிறர் ஓட்டியவைதான். ஐந்தையும் வாங்கிய வாரத்திலேயே நெடுந்தூரம் கொண்டுபோயிருக்கிறேன், ஒன்றில்கூட இந்த எண்களைக் குனிந்து பார்த்தவன் இல்லை. நிழலில், குளிர்ச்சியாக, சரியான காற்றழுத்தத்தோடு வைத்திருந்த ஆறு வயது டயர், வெயிலில் காய்ந்த இரண்டு வயது டயரைவிட நன்றாக இருக்கும். இதை எந்த எண் உங்களுக்குச் சொல்லும்? பட்டனின் ஆழத்தைப் பாருங்கள், பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள், அவ்வளவுதான். நீங்கள் சொல்வதைக் கேட்டு அவர் புது டயர் போட்டு அன்றைக்கே சுமையோடு கிளம்பினால் அதுதான் ஆபத்து. புது டயரின் மேற்பரப்பு முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்கு வழுக்கும் என்பது தங்கள் நான்கு எண்களில் எழுதப்பட்டிருக்கவில்லை போலும்.

பழைய பிஸ்டன்:
நகத்தால் அழுத்திப் பார்க்க அது மாம்பழம் அல்ல. ரப்பருக்குள் மெழுகும் ஓசோன் தடுப்புப் பொருள்களும் கலந்திருக்கும். டயர் உருண்டு நெளியும்போது அவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வந்து அதைக் காக்கின்றன. வண்டி நின்றுகொண்டே இருந்தால் அந்தக் கசிவு குறைந்து, வெளியிலுள்ள ஓசோன் ரப்பரை அரிக்கத் தொடங்குகிறது. இன்னொரு பக்கம், ஆக்சிஜனும் வெப்பமும் சேர்ந்து ரப்பரின் இழைகளை மேலும் மேலும் பிணைத்து இறுக்குகின்றன. அப்படி இறுகிய டயர், காய்ந்த நேர்சாலையில் உங்களுக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. முதல் மழையில், வளைவில், இரண்டு பேரும் மூன்று பெட்டிகளும் ஏறிய பாரத்தோடு பிரேக்கைத் தொடும்போதுதான் தன் வயதைச் சொல்லும். மிஷெலின் நிறுவனமே, ஐந்து ஆண்டு பயன்பட்ட டயரை அதன்பின் ஆண்டுதோறும் விவரம் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கிறது. தயாரித்துப் பத்து ஆண்டு ஆகிவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்கிறது. "பார்க்க நன்றாக இருந்தாலும்" என்ற சொற்களைக் காற்றோடு கலந்தவன் மறுபடியும் ஒருமுறை படிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பட்டன் தேய்மானத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதைச் சொல்வது நான்கு எண்கள்.

சங்கிலியற்றவன்:
இருவரும் டயரையே கட்டிக்கொண்டு அழுகிறீர்கள். புதுச்சாவி வாங்கியது செயின் வண்டியா, செயினுக்குப் பதில் சுழலும் தண்டு பின் சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் வண்டியா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. செயின் வண்டியாக இருந்தால், செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கிபோல வளைந்திருக்கின்றனவா, செயினைப் பின்பக்கமாக இழுத்தால் பல்லிலிருந்து விலகுகிறதா என்று பார்த்த பிறகே மற்ற பேச்சு. என் வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. பிஎம்டபிள்யூ 1923ஆம் ஆண்டிலேயே தன் முதல் பைக்கான ஆர் 32இல் ஷாஃப்ட் வைத்துவிட்டது. நூறு ஆண்டு கழித்தும் செயினுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இரக்கம்தான் வருகிறது. டயர் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். டாட் 4 என்று போட்டிருந்தால் அது உயர்தரம், டாட் 3 என்றால் சற்றுக் குறைவு. இந்த அடிப்படையைக்கூட இங்கே யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

பழைய பிஸ்டன்:
டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் வகைகள், ஐயா. டயரில் இருப்பதும் பிரேக் ஆயில் புட்டியில் இருப்பதும் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் அதே மூன்றெழுத்துச் சுருக்கம்தான் என்பதால், இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது. நூறு ஆண்டு முன்னேறிய ஷாஃப்டில் ஏறிப் போகிறவர், சக்கரத்தில் எழுதியிருப்பதையும் ஒருநாள் இறங்கிப் படிக்கலாம். அந்த ஷாஃப்டின் கடைசியில் இருக்கும் கியர் பெட்டிக்கும் தனியாக எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதாவது தங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன்.

சங்கிலியற்றவன்:
தெரியும். தங்களுக்கு முன்பிருந்தே தெரியும்.

மெதுவோட்டி:
சற்றுப் பொறுங்கள். டயரின் வயது என்று நீங்கள் சொல்வது தயாரித்த நாளிலிருந்தா, சக்கரத்தில் பொருத்திய நாளிலிருந்தா? ஒருவர் ஒன்றையும் மற்றவர் வேறொன்றையும் மனத்தில் வைத்துப் பேசுவதாக எனக்குப் படுகிறது. நெடும்பயணம் என்பதும் ஒரே நாளில் 700 கிலோமீட்டர் விரட்டுவதா, பத்து நாளில் 2000 கிலோமீட்டர் மெல்லப் போவதா என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இவற்றை முதலில் வரையறுத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய பிறகு 155 என்று தரவரையறை சொல்கிறது. முழுச் சுமையோடு நீண்ட மலையிறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால், அந்த ஈரம் ஆவியாகி, பிரேக் பிடி வெறுமனே உள்ளே போய்விடும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது வழக்கம். முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதைப் புதுச்சாவி கேட்டறிவது நல்லது. அதோடு, பெட்டிகளையும் பின்னிருக்கை ஆளையும் ஏற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றியே ஒருநாள் 200 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை வண்டிக்கு அடியில் தரையையும் பார்த்த பிறகு கிளம்பலாம்.

காற்றோடு கலந்தவன்:
வரையறை பிறகு இருக்கட்டும். அர்ஜென்டினாவைச் சேர்ந்த எமிலியோ ஸ்கோட்டோ 1985 முதல் 1995 வரை ஒரே ஹோண்டா கோல்ட் விங்கில் 7,35,000 கிலோமீட்டர் உலகைச் சுற்றினார். அவர் ஒவ்வொரு ஊரிலும் குப்புறப் படுத்து நான்கு எண்களை வாசித்துக்கொண்டிருந்தால் முதல் எல்லையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். பயணம் போகிறவன் பயணம் போகிறான், மற்றவர்கள் கொட்டகையில் உட்கார்ந்து ரப்பருக்கு ரசாயனப் பாடம் நடத்துகிறார்கள். பிஸ்டன் ஐயா கடைசியாக 2000 கிலோமீட்டர் எப்போது போனார் என்று கேட்டால் கோபித்துக்கொள்வார், ஆகவே கேட்கவில்லை.

பழைய பிஸ்டன்:
கேட்காமலே கேட்டுவிட்டதற்கு நன்றி. ஸ்கோட்டோவைச் சாட்சிக்கு அழைத்தது உங்கள் துரதிர்ஷ்டம். அந்த எடையுள்ள வண்டியில் பின் டயர் 20,000 கிலோமீட்டர் உழைத்தாலே பெரிது. அந்தக் கணக்கில் அவர் பின் டயரை மட்டும் முப்பது முறைக்கு மேல் மாற்றியிருக்க வேண்டும். ஓயாமல் ஓடி ஓடித் தேய்ந்த டயருக்கு வயதாக நேரமே இருந்திருக்காது. நான் பேசுவது ஓடாமலே கிழமான டயரைப் பற்றி. சென்ற மழைக்காலத்தில் பேட்டரி பற்றிப் பேச்சு வந்தபோதும் இவர் இப்படித்தான், செல்ஃப் எடுக்கிறது என்றால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்வில் இருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.1 காட்டுவது பாதி காலியான பேட்டரி என்று நான் எழுதினேன். என்னைப் பயந்தாங்கொள்ளி என்றார். அவர் பேச்சைக் கேட்டுக் கிளம்பிய ஒருவர் பிறகு பெட்டிகளோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போன கதையை நாம் எல்லோரும் படித்தோம். அன்றைக்குச் செல்ஃப், இன்றைக்குப் பட்டன். வெளியில் தெரிவதை மட்டும் நம்புவதுதான் இவருடைய முழு இயந்திரவியலும்.

காற்றோடு கலந்தவன்:
அந்த வண்டியில் பழுதானது பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெக்டிஃபையர், பேட்டரி அல்ல. இதை அப்போதே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். பேட்டரியை இழுத்தாலும் ஷாஃப்டை இழுத்தாலும், நல்ல பட்டன் உள்ள டயரை ஓர் எண்ணுக்காகக் கழற்றி எறியச் சொல்லும் உங்கள் கட்சி வலுப்பெறாது.

பழைய பிஸ்டன்:
ஷாஃப்டை இழுத்தவன் நான் அல்ல. எறியச் சொன்னவனும் நான் அல்ல, படிக்கச் சொன்னேன். நான்கே எண்கள். அவற்றைப் படிக்க ஆகும் நேரம், தாங்கள் எனக்குப் பதில் எழுத எடுத்துக்கொண்ட நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இராது.

புதுச்சாவி:
எல்லோருக்கும் நன்றி. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பேசி வெளிச்சத்தில் முட்டிபோட்டுப் பார்த்தேன். பின் சக்கரத்தின் எழுத்துகளைச் சைலன்சர் மறைத்ததால், ஈரத்துணியால் தூசியைத் துடைத்துக்கொண்டே சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டியிருந்தது. பாதிச் சுற்றுக்குப் பிறகுதான் அந்த நீள்வட்டம் கண்ணில் பட்டது. முன் டயரில் 2716 என்று இருக்கிறது, பட்டன் நல்ல ஆழத்தோடு இருக்கிறது. ஆனால் பட்டனின் பள்ளத்தை விரித்துப் பார்த்தால், உள்ளே தலைமுடி அளவில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன. பின் டயரில் 0522 என்று இருக்கிறது. அது நடுவில் தட்டையாகத் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் தேய்மானக் குறிகள் பட்டனோடு ஏறக்குறைய சமமாகிவிட்டன. வண்டிக்கு ஷாஃப்ட்தான். மெதுவோட்டி சொன்னதால் பிரேக்கையும் பார்த்தேன். முன்பிரேக்கைப் பிடித்தால் பிடி ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வருகிறது, குப்பியின் சிறு கண்ணாடி வழியே ஆயில் கறுப்பாகத் தெரிகிறது. நான் இந்தச் சனிக்கிழமை கிளம்பலாமா, கூடாதா?

காற்றோடு கலந்தவன்:
பார்த்தீர்களா? வயதில் இளைய பின் டயர்தான் மாற்ற வேண்டிய நிலையில் இருக்கிறது, வயதான முன் டயர் பட்டனோடு நிற்கிறது. நான்கு எண்களை நம்பியிருந்தால் 2022ஆம் ஆண்டு டயர் புதியது என்று இவர் மொட்டைப் பின் டயரோடு கிளம்பியிருப்பார். காப்பாற்றியது பட்டன். பிஸ்டன் ஐயா இதற்குப் பதில் சொல்லட்டும்.

பழைய பிஸ்டன்:
பதில்தானே? கரும்பு தின்னக் கூலியா? 2016ஆம் ஆண்டின் 27ஆவது வாரம் என்றால், அந்த முன் டயர் எட்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. பட்டனின் பள்ளத்துக்குள் தலைமுடிக் கோடுகள் இருப்பதாக அவரே எழுதியிருக்கிறார். நான் முதல் பதிவில் எழுதிய "பட்டன் புதிது, ரப்பர் மரக்கட்டை" என்பது இதுவன்றி வேறென்ன? வண்டியைத் திருப்புவதும், பிரேக் பிடிக்கும்போது பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவதும் முன் சக்கரம்தான். அதைப் பட்டனை நம்பி ஓட்டச் சொன்னவர் இப்போது பின் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்.

சங்கிலியற்றவன்:
ஷாஃப்ட் வண்டி என்று தெரிந்த பிறகு எனக்கு எந்தக் கவலையும் இல்லை. சனிக்கிழமை தாராளமாகக் கிளம்பலாம்.

மெதுவோட்டி:
பிடி ஹேண்டில்பார் வரை வருகிறது என்று அவர் எழுதியதை யாராவது படித்தீர்களா?

பழைய பிஸ்டன்:
படித்தேன், அது பத்து நிமிட வேலை, ஆயிலை மாற்றி, பிரேக் குழாயில் சிக்கிய காற்றை எடுத்தால் முடிந்தது. புதுச்சாவி, முன் டயரை மட்டும் இன்னொருமுறை பார்த்துச் சொல்லுங்கள். 2716தானா, அல்லது 2715ஆ? தேய்ந்த எழுத்தில் 5 பல நேரம் 6 போலத் தெரியும். 2015 என்றால் காற்றோடு கலந்தவனுக்கு நான் சொல்ல வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

காற்றோடு கலந்தவன்:
2716தான். அவர் தெளிவாகவே எழுதியிருக்கிறார்.