தீவனம் குறையவில்லை, குதிரை மட்டும் மெலிகிறது: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் பெட்டைக்குதிரை கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்தது. தானியம் வழக்கம்போலத்தான் போடுகிறோம், தொட்டியும் காலியாகிறது, ஆனால் விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் தானியத்தைக் கூட்டச் சொன்னார்கள். எதற்கும் டாக்டர் பார்க்கட்டும் என்று கூப்பிட்டோம்.

அவர் முதலில் குனிந்து தரையைத்தான் பார்த்தார். பாதி மென்று துப்பிய புல், எச்சில் ஊறி, விரல் நீளத்துக்குச் சுருட்டு சுருட்டாகக் கிடந்தது. லத்தியை உடைத்தால் உள்ளே முழுத் தானியம். பல் பிரச்சினை என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

குதிரைக்குப் பல் தேயத் தேய ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். அதனால் மேல் கடைவாய்ப் பல்லில் கன்னத்துப் பக்கமும், கீழ்ப் பல்லில் நாக்குப் பக்கமும் தேயாமல் கத்தி மாதிரி விளிம்பு நின்றுவிடும். கன்னத்தின் உள்பக்கம் புண்ணே ஆகியிருந்தது. லேசான மயக்க ஊசி போட்டு, நின்ற நிலையிலேயே அரத்தால் ராவிவிட்டார். புண் ஆறியதும் புல்லை அரைக்கும் சத்தமே மாறிவிட்டது. தானியத்தை ஒரு பிடிகூடக் கூட்டவில்லை, உடம்பு தேறிவிட்டது. வருடம் ஒருமுறையாவது வாயைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

*

தானியத்தைக் கூட்டாமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம். எனக்குத் தெரிந்த ஒரு குதிரை ராத்திரி தாழ்ப்பாளைத் தள்ளித் திறந்து தானிய மூட்டையில் வாயை வைத்துவிட்டது. நான் போனபோது முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது. போனில் டாக்டர் கேட்டது மூன்றே கேள்வி: நாடி எவ்வளவு, ஈறு என்ன நிறம், கடைசியாக லத்தி போட்டது எப்போது. தாடை எலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து எண்ணினேன், நிமிடத்துக்கு 64. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 தான் இருக்க வேண்டும். அப்போதே கிளம்பி வந்தார்.

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. இரைப்பையும் அந்த உடம்புக்குச் சின்னது, 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வெளியே எடுத்ததால் பிழைத்தது. அப்புறமும் பல நாள் குளம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். தானியம் அதிகமானால் வயிறு தப்பித்தாலும் குளம்புக்குள் அழற்சி வந்துவிடலாம்.

ஆகவே முதலில் புல், பிறகுதான் தானியம். உடல் எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் காய்ந்த புல், அதாவது 450 கிலோ குதிரைக்கு 7 முதல் 9 கிலோ. அதன் இரைப்பையில் அமிலம் நிற்காமல் சுரக்கும், அதனால் நீண்ட நேரம் வெறும் வயிறாக விடக் கூடாது. எந்தத் தீவனத்தை மாற்றினாலும் ஒன்றிரண்டு வாரத்தில் மெல்ல மாற்றுங்கள். மாட்டுத் தீவனம் மட்டும் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்த்திருப்பார்கள், குதிரைக்கு அது விஷம்.

*

பல்லையும் தீவனத்தையும் நீங்கள் இருவரும் சொல்லிவிட்டதால் புழுவை நான் சொல்கிறேன். எங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதி மொட்டை, பக்கத்திலேயே முழங்கால் உயரப் புல். லத்தி போட்ட இடத்தில் குதிரை மேயாது. இடம் போதாமல் அந்த ஓரத்தில் வாய் வைக்கும்போதுதான் புழுவின் இளம்பருவம் உள்ளே போகிறது. வாரம் இருமுறை லத்தியை அள்ளுகிறோம், நடுவில் ஆடு மாடுகளை மேயவிடுகிறோம். குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் வளராது.

மருந்தையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பதில்லை. லத்தியில் முட்டை எண்ணிப் பார்த்தபோது எங்கள் குதிரைகளில் ஒன்றிரண்டுதான் ஏராளமாக வெளியேற்றின. எல்லாவற்றுக்கும் அடிக்கடி கொடுத்தால் புழு மருந்துக்குப் பழகிவிடும்.

பல்லும் சரி, புழுவும் இல்லை, அப்படியும் மெலிகிறதா? வயதான குதிரை என்றால் மயிரைப் பாருங்கள். வெயில் காலத்திலும் உதிராமல் நீளமாகச் சுருண்டிருந்தால் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனைக்குச் சொல்லுங்கள். மருந்து கொடுத்துக் கட்டுக்குள் வைக்கலாம்.