ஷனெலுக்கு நகை செஞ்ச கூசன்ஸ் பேரு ஏன் வெளிய தெரியல?

கல்வளையல்:
ஃபேஷன் ஹிஸ்டரி படிச்சிட்டிருக்கேன். பாரிஸ் ஃபேஷன் ஹவுஸ் ஷனெலோட 'ஷனெல் நகை'ன்னு போட்டோல வர்ற பைசாண்டின் (பழைய கிழக்கு ரோமப் பேரரசு) ஸ்டைல் சிலுவை, பெரிய கல் வெச்ச ப்ரூச் (ட்ரெஸ்ல குத்திக்கிற நகை)னு நிறைய பீஸ் ரொபேர் கூசன்ஸ்ங்கிறவர் செஞ்சதாம். ஆனா அவர் பேரை கேள்விப்பட்டதே இல்ல. கூத்யூர் (உயர்தர ஃபேஷன் ஹவுஸ்) நகை டிசைனர்னா கடைசி வரைக்கும் இப்படி அடுத்தவங்க லேபிளுக்குள்ளயே ஓடிருமா?

முலாம்பூச்சு:
அவர் டிசைன் ஸ்கூல் ஆள் இல்லங்க, பட்டறை ஆள். 1927ல பாரிஸ்ல பொறந்தவர், அப்பா உலோக வார்ப்பு வேலை, இவரும் சின்ன வயசுலயே வார்ப்பு, செதுக்கல்னு கத்துக்கிட்டு வந்தவர். 1954ல ஷனெல் ஹவுஸ ஆரம்பிச்ச கோகோ ஷனெல் 70 வயசுல கடைய திரும்ப தொறக்குறாங்க, அந்த சமயத்துலதான் ரெண்டு பேரும் சேர்றாங்க, 1971ல அந்தம்மா சாகுற வரைக்கும் அது தொடருது. இதுல எனக்கு புடிச்சது என்னன்னா அந்தம்மா போட்டுக்க நிஜ தங்கம் நிஜ கல்லுல ஒண்ணு செய்வார், அதையே முலாம் பூசின உலோகம், கண்ணாடிக் கல்லுன்னு ஷோவுக்கு செய்வார், ரெண்டுக்கும் அதே கைதான். பாரிஸ்ல ரூ காம்போன் தெருவுல அவங்க வீட்ல இருக்குற கோதுமைக் கதிர் டேபிள் கூட இவர் வேலைதான்.

கண்ணாடிமணி:
லேபிளுக்குள்ளயே ஓடிருச்சுன்னு சொல்றது கொஞ்சம் ஓவர். ஷனெல் சம்பளக்காரர் இல்ல அவர், சொந்தப் பட்டறை, மத்த ஃபேஷன் ஹவுஸ்ல பலென்சியாகாவுக்கும் செஞ்சார், ஈவ் செயின்ட் லாரன்டுக்கும் செஞ்சார். ஃபேஷன் ஹவுஸ்களுக்கு கண்ணாடி நகை செய்ற க்ரிப்வா குடும்பமும் இப்படித்தான், 1869லேந்து. உருகின கண்ணாடிய அச்சுல ஊத்தாம நேரா உலோகச் சட்டத்துக்குள்ளயே ஊத்துவாங்க, அதான் அவங்க கல்லு வெட்டி பதிச்ச மாதிரி இல்லாம ஜெல்லி கணக்கா உள்ளேந்து மின்னும். பேரு தெரியாட்டியும் அந்த வேலைய பாத்தா தொழில்ல இருக்குறவங்க யாருதுன்னு கண்டுபுடிச்சிருவாங்க.

கல்வளையல்:
அப்ப பேரோட வளந்தவங்க யாருமே இல்லையா?

முலாம்பூச்சு:
விக்டோயர் த காஸ்டெலான். 1984லேந்து 14 வருஷம் ஷனெல்ல அங்க டிசைனரா இருந்த கார்ல் லாகர்ஃபெல்டோட காஸ்ட்யூம் ஜுவல்லரி (நிஜ தங்கம், நிஜ கல் இல்லாத ஃபேஷன் நகை) பண்ணாங்க, 1998ல இன்னொரு ஃபேஷன் ஹவுஸான டியோர் நிஜ நகை பிரிவு ஆரம்பிக்கவே இவங்களத்தான் கூப்டாங்க. ஆனா அவங்க வரையுறவங்க, கூசன்ஸ் மாதிரி உலோகத்த உருக்குற ஆள் இல்ல, என்னைக் கேட்டா பேரு கிடைக்கிறதுல வித்தியாசம் அங்கதான். கூசன்ஸ் பட்டறைய 2005ல ஷனெலே வாங்கிருச்சு, அவர் 2016ல போயிட்டார். இப்ப அதே பேருல நகை வித்துட்டுதான் இருக்காங்க.