பாட்டி நினைவு மலர்க் குழு: திரையில் எழுத்தைப் பெரிதாக்குவது பற்றி

நான் (காலை 6.40): அனைவருக்கும் வணக்கம். நாம் எல்லோரும் கூகுள் டாக்ஸில் சேர்ந்து எழுதும், நேற்று இரவு 16 பக்கங்களில் நின்ற நினைவு மலர், இன்று காலை திறந்தபோது 23 பக்கங்களாக நீண்டிருக்கிறது. தலைப்பு, செய்தி, படக்குறிப்பு என்ற வேறுபாடில்லாமல் எல்லா எழுத்துகளும் 18 புள்ளி அளவுக்கு மாறியுள்ளன. படங்களுக்குக் கீழே இருந்த குறிப்புகள் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டன. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குப் பிடிஎஃப் அனுப்ப வேண்டும். மாற்றியவர் யார் என்று தெரிந்தால், அவருக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்டு வேறு வழி சொல்கிறேன்.

சித்தப்பா: யாராக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மதுரை அத்தை: காலையிலேயே ஆரம்பிக்காதே, தம்பி.

பெரியப்பா: நான்தான் மாற்றினேன், பாப்பா. கண்புரை அறுவைக்குப் பிறகு எனக்குப் புதுக் கண்ணாடி இன்னும் வரவில்லை. அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பில் பிழை பார்க்கும் பொறுப்பை நீங்கள் எல்லோரும் சேர்ந்துதான் என்னிடம் கொடுத்தீர்கள். நீ வைத்திருந்த அளவில் ஒற்றெழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதே எனக்குத் தெரியவில்லை. அதனால் முழுவதையும் தேர்வு செய்து, எழுத்தளவை 18 என்று போட்டுப் பெரிதாக்கினேன். அதற்குப் பிறகுதான் 3ஆம் பக்கத்தில் ‘திருமனம்’ என்று இருப்பது கண்ணில் பட்டது. அதை இதற்கு முன் எல்லோரும் படித்திருக்கிறோம்.

அண்ணன்: அப்பா கண்டுபிடித்தது பெரிய பிழைதான். அப்படியே அச்சாகியிருந்தால் என்ன செய்திருப்போம்?

சித்தப்பா: பிழை கண்டுபிடித்தது சரி. ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாற்றியிருக்கலாம். கேட்காமல் செய்வது நம் வீட்டில் புதிதும் இல்லை. தோட்டத்துச் சுவரையும் அப்படித்தான் இடித்தார்கள்.

மதுரை அத்தை: சுவரைப் பற்றி இந்தக் குழுவில் பேச வேண்டாம்.

நான்: பெரியப்பா பெரிதாக்கிப் பார்த்தது முற்றிலும் தேவையான செயல். தமிழில் ணகரமும் னகரமும் ஒரு சுழியில்தான் வேறுபடுகின்றன. ‘ர்’ வரவேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டி அதன் மேல் புள்ளி வைத்துவிட்டால், சிறிய அளவில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். பெரிதாக்கினால்தான், ரகரத்தின் அடியில் இருக்கும் சாய்கோடு இல்லாதது புலப்படும். எனவே பிழை பார்ப்பவர் பெரிய எழுத்தில்தான் பார்க்க வேண்டும். ஆனால் கூகுள் டாக்ஸில் எழுத்தளவு வேறு, பார்வை அளவு வேறு. எழுத்தளவு ஆவணத்தைச் சேர்ந்தது. அதை ஒருவர் மாற்றினால் எல்லோருடைய திரையிலும் மாறும், அச்சிலும் மாறும். பார்வை அளவை மாற்றினால் மாற்றியவரின் திரை மட்டுமே மாறும். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தால் தாளில் உள்ள எழுத்து வளர்ந்துவிடுவதில்லை அல்லவா, அதைப் போன்றதுதான் இது.

பெரியப்பா: அந்தப் பார்வை அளவு எங்கே இருக்கிறது என்று சொல்.

நான்: மடிக்கணினியில் ஆவணத்தைத் திறந்ததும் மேலே ஒரு கருவிப்பட்டை தெரியும். அதன் இடப்பக்கத்தில், அச்சிடும் பொறியின் படத்தைத் தாண்டி, சதவீதக் குறியுடன் 100 என்று ஒரு சிறு பெட்டி இருக்கும். அதுதான் பார்வை அளவு. அதே பட்டையில் இன்னும் வலப்பக்கம் போனால், கழித்தல் குறிக்கும் கூட்டல் குறிக்கும் நடுவே சதவீதக் குறி இல்லாத ஓர் எண் இருக்கும். அது எழுத்தளவு, அதை நீங்கள் தொட வேண்டாம். சதவீதப் பெட்டியைச் சொடுக்கினால் 50 முதல் 200 வரை சில அளவுகள் பட்டியலாக வரும். பட்டியலில் இல்லாத அளவு வேண்டுமென்றால், பெட்டிக்குள் இருப்பதை அழித்துவிட்டு 175 என்று நீங்களே தட்டி, என்டர் விசையை அழுத்தலாம். பட்டியலின் மேலே ‘ஃபிட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால், பக்கத்தின் அகலம் உங்கள் திரையின் அகலத்துக்குப் பொருந்திக்கொள்ளும். நம்முடைய மலர் ஏ5, அதாவது ஏ4 தாளில் பாதி அளவு என்பதால் அதுவே உங்களுக்கு நல்ல பெரிய எழுத்தைத் தரும், வரியின் கடைசிச் சொல்லைத் தேடி இடமும் வலமும் நகர்த்த வேண்டிய தொல்லையும் இருக்காது.

அண்ணன்: அப்பா, மேலே உள்ள மெனு எழுத்துகளும் உங்களுக்குச் சிறியதாகத் தெரிந்தால், கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு கூட்டல் விசையை அழுத்துங்கள்.

நான்: அண்ணன் சொல்வது குரோம் உலாவியின் பெரிதாக்கம். அது பக்கத்தோடு சேர்த்து மெனு, பொத்தான் எல்லாவற்றையும் பெரிதாக்கும். 500 சதவீதம் வரை போகலாம். கண்ட்ரோலுடன் கழித்தல் விசை சிறிதாக்கும், கண்ட்ரோலுடன் சுழியம் பழைய நிலைக்குக் கொண்டுவரும். ஆனால் மிகவும் பெரிதாக்கினால் கருவிப்பட்டையில் சில பொத்தான்கள் உள்ளே மறைந்து, வலப்பக்கம் மூன்று புள்ளிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். அதனால் பெரியப்பா உலாவியில் 125 வைத்துக்கொண்டு, மீதியை டாக்ஸின் சதவீதப் பெட்டியில் கூட்டிக்கொள்வது வசதியாக இருக்கும் என்று நினைக்கிறேன். இவை இரண்டுமே ஆவணத்தைத் தொடாது.

சித்தி: நான் கைப்பேசியில்தான் பார்க்கிறேன். இரண்டு விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகிறது, ஆனால் பாதி வரி திரைக்கு வெளியே போய்விடுகிறது. அதனால் இதுவரை முதல் பக்கத்துக்கு மேல் நான் படிக்கவே இல்லை.

நான்: சித்தி, டாக்ஸ் செயலியில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் ‘பிரிண்ட் லேஅவுட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். பக்கத்தின் ஓரங்கள் மறைந்து, எழுத்து உங்கள் திரையின் அகலத்துக்குள் மடிந்து வரும். விரலால் மேலும் கீழும் தள்ளினால் போதும். உங்கள் கைப்பேசியில் அணைப்பதால் மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.

சித்தப்பா: மடிக்கணினியிலும் அது போல ஒன்று இருக்கிறதே. பைல் மெனுவில் பேஜ் செட்டப்புக்குள் ‘பேஜ்லெஸ்’ என்று பார்த்தேன். அதைப் போட்டுவிட்டால் எல்லோருக்கும் எளிதாகப் போய்விடும்.

நான்: அதை மட்டும் அழுத்தாதீர்கள், சித்தப்பா. 2022இல் வந்த அந்த வசதி ஆவணத்தையே மாற்றுவது. அதைப் போட்டால் எல்லோருக்கும் பக்கப் பிரிவுகள் போய்விடும், பக்க எண்ணும் மேற்குறிப்பும் தெரியாது. அச்சுக்குப் போகும் வேலைக்கு அது ஏற்றதில்லை.

சித்தப்பா: சரி. தொடவில்லை.

சித்தி: இலைக் கணக்கைச் சமையல்காரர் இன்றைக்கே கேட்கிறார். யாராவது சொல்லுங்கள்.

மதுரை அத்தை: அதைத் தனியாக என்னைக் கூப்பிட்டுக் கேள். இங்கே மலர் வேலை முடியட்டும்.

அண்ணன்: பாப்பா, எனக்கு ஒரு யோசனை. அப்பாவுக்குக் கருத்துச் சொல்லும் அனுமதியை மட்டும் கொடுத்துவிட்டால் இனிமேல் இப்படி நடக்காது.

பெரியப்பா: என் அம்மாவைப் பற்றிய மலரில் நான் ஓரமாக நின்று கருத்து மட்டும் சொல்ல வேண்டியவனா? அம்மாவின் பள்ளிக்கூடப் பணியைப் பற்றி எழுதிக்கொடுத்தவனே நான்தான். அப்படியானால் பிழை பார்க்கும் வேலையையும் நீயே எடுத்துக்கொள்.

அண்ணன்: அப்பா, நான் அந்தப் பொருளில் சொல்லவில்லை.

மதுரை அத்தை: அண்ணா, கோபப்படாதீர்கள். உங்கள் அளவுக்கு அம்மாவின் எழுத்தை அறிந்தவர் நம்மில் யாரும் இல்லை.

நான்: பெரியப்பாவின் அனுமதியை நான் குறைக்கப் போவதில்லை. வேறொரு முறை இருக்கிறது, பெரியப்பா. கருவிப்பட்டையின் வலக்கோடியில் பென்சில் படம் இருக்கும்; அதைச் சொடுக்கி ‘சஜெஸ்டிங்’ என்பதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு எழுதினால், நீங்கள் செய்யும் ஒவ்வொரு திருத்தமும் வேறு நிறத்தில், உங்கள் பெயருடன் நிற்கும். யார் எதைத் திருத்தினார் என்பது எல்லோருக்கும் தெரியும், பழைய சொல்லும் அழியாமல் இருக்கும். நான் செய்யும் திருத்தங்களையும் இனி அப்படியே செய்கிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

பெரியப்பா: எல்லோருக்கும் ஒன்று என்றால் எனக்கும் சம்மதம்.

சித்தப்பா: இப்போது 23 பக்கத்தை 16 ஆக்குவது எப்படி? மறுபடியும் முழுவதையும் தேர்வு செய்து 11 என்று போட்டால் முடிந்ததா?

நான்: முடியாது, சித்தப்பா. தலைப்புகள் 16, செய்தி 11, படக்குறிப்புகள் 9 என்று வேறுவேறு அளவுகளில் இருந்தன. எல்லாவற்றையும் 11 ஆக்கினால் அந்த அமைப்பு திரும்பாது. பைல் மெனுவில் உள்ள ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ வழியாக நேற்று இரவு இருந்த வடிவத்தை மீட்டெடுக்கிறேன். அப்படி மீட்டாலும் பெரியப்பா இன்று செய்த வடிவம் வரலாற்றில் அழியாமல் இருக்கும். அதைப் பார்த்து அவருடைய திருத்தங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிடுவேன். ஒன்றும் வீணாகாது.

(காலை 7.55)

நான்: மீட்டுவிட்டேன். 16 பக்கங்கள் சரியாக நிற்கின்றன. பெரியப்பாவின் திருத்தங்களும் சேர்ந்துவிட்டன.

மதுரை அத்தை: எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீங்கள் எல்லோரும் திரையைப் பெரிதாக்கிக்கொள்வீர்கள். நினைவு நாளுக்கு வரப்போகிறவர்களில் பாதிக்கு மேல் அறுபதைக் கடந்தவர்கள். தாளில் அச்சான பிறகு அவர்கள் எந்தப் பொத்தானை அழுத்துவார்கள்? அம்மா தன் கடைசிக் காலத்தில் நாளிதழின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு மடித்து வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். 11 போதாது.

சித்தப்பா: எழுத்தைக் கூட்டினால் பக்கம் கூடும். பக்கம் கூடினால் செலவு கூடும்.

நான்: அத்தை கேட்பது நியாயமான கேள்வி, திரையில் கிடைக்கும் வசதி தாளுக்கு இல்லை. நடுவில் பின் அடித்துக் கட்டும் புத்தகம் என்பதால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். எனவே 16க்கு அடுத்தது 20தான். செய்தியை 13 புள்ளியில் வைத்தால் 20 பக்கங்களுக்குள் அடங்கும் என்று தோன்றுகிறது. ஆனால் இதைத் திரையைப் பார்த்து யாரும் முடிவு செய்ய வேண்டாம். சதவீதப் பெட்டியில் 100 என்று இருந்தாலும், ஒவ்வொருவருடைய திரையிலும் எழுத்தின் உயரம் தாளில் வரும் உயரத்துக்குச் சமமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே பக்கத்தை 11இலும் 13இலும் ஏ5 தாளில் அச்செடுத்து, கையில் வைத்துப் படித்துப் பார்த்தால்தான் தெரியும்.

சித்தப்பா: சுற்றுலாப் படங்கள் இருக்கும் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டால் பெரிய எழுத்திலும் செலவு அவ்வளவு கூடாது.

மதுரை அத்தை: இராமேசுவரம் படத்தை எடுக்க விடமாட்டேன். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம் அது ஒன்றுதான்.

அண்ணன்: 20 பக்கத்துக்கு என்ன விலை என்று அச்சகத்தாரிடம் கேட்டுவிட்டுப் பேசலாம்.

நான்: 10 மணிக்கு மேல் கேட்கிறேன். மாதிரிப் பக்கம் அச்செடுப்பதை யார் செய்வது?

(காலை 9.20)

பெரியப்பா: ‘ஃபிட்’ போட்டுப் பார்த்தேன், எழுத்து மிகத் தெளிவாக இருக்கிறது. உலாவியில் 125 வைத்த பிறகு மெனுவையும் படிக்க முடிகிறது. 5ஆம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆண்டை 1987 என்று போட்டிருக்கிறாய், 1989 என்பதே சரி. நீ சொன்ன பென்சிலை மாற்றிக்கொண்டுதான் திருத்தியிருக்கிறேன்.

சித்தி: நானும் கைப்பேசியில் அந்தத் தேர்வை அணைத்துவிட்டுக் கடைசி வரை படித்தேன். 14ஆம் பக்கத்தில், மாமியார் படுக்கையில் இருந்த காலத்தில் உடனிருந்து பார்த்துக்கொண்டவர்கள் என்ற வரியில் என் பெயர் இல்லை. சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

சித்தப்பா: அந்த வரியை எழுதியது யார்?

மதுரை அத்தை: நான் எழுதிக்கொடுத்தது அது. இடம் போதவில்லை என்று சுருக்கினோம்.

பெரியப்பா: அந்த வரியில் முதல் பெயராக அவளுடைய பெயரைச் சேர்த்து, பரிந்துரையாக வைத்திருக்கிறேன். இரவில் விழித்திருந்தவள் அவள்தான்.

நான்: பார்த்தேன், பெரியப்பா. அந்தத் திருத்தம் இன்னும் பச்சை நிறத்தில் பரிந்துரையாகத்தான் நிற்கிறது. அத்தையும் ஒருமுறை பார்த்துச் சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன். 20 பக்கம் என்று முடிவானால் இடம் போதாது என்ற பேச்சே எழாது.

மதுரை அத்தை: பார்த்துவிட்டுச் சொல்கிறேன். முதலில் அந்த மாதிரிப் பக்கத்தை அச்செடுத்து எனக்குக் காட்டுங்கள்.

சித்தப்பா: நான் எடுத்து வருகிறேன். பிடிஎஃப் அனுப்பு, பாப்பா.