டேப்பில் பியானோ ஆப்: சத்தம் டப்பா மாதிரி, தொட்டால் வெறும் கண்ணாடி. வழி உண்டா?

மூடுபனி_ஏற்காடு:

எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். வயது 56. எங்கள் ஊர்ச் சின்ன சர்ச்சில் முப்பது வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பியானோ வாசிப்பது நான்தான். முறையாகப் படித்தவன் இல்லை. ஒரு வயதான சிஸ்டர் சொல்லிக்கொடுத்த அளவுதான்.

அந்தப் பியானோ சுவரோடு ஒட்டி நிற்கும் பழைய காலத்து ஆள். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் பனி இறங்கினால் மரம் ஊறிப்போய், அமுக்கின கட்டை திரும்ப எழுந்திருக்காது. கட்டை வரிசையின் நடுவில் இருக்கும் மிடில் ஸிக்கு அடுத்த டி கட்டை இருக்கிறதே, அது மழைக்காலம் முழுக்க அப்படித்தான். வரிக்கு வரி இடது பெருவிரலால் அதைத் தூக்கிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவேன். இந்த வருஷம் எலி உள்ளே புகுந்து கம்பளியைக் கடித்துவிட்டது. தந்தியைத் தட்டும் சுத்தியலில் பாதி மொட்டை. ஆள் வந்து பழுது பார்க்கும்வரை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

சும்மா இருக்கவேண்டாம் என்று மகன் ஒரு பத்து இன்ச் டேப் வாங்கி, அதில் இலவசப் பியானோ ஆப் ஒன்றும் போட்டுக் கொடுத்தான். மூன்று வாரமாக அதோடு மல்லுக்கட்டுகிறேன். மேல் ஸ்வரங்கள் எவர்சில்வர் தம்ளரைக் கரண்டியால் தட்டுவது போல இருக்கின்றன. இடது கை வாசிப்பதோ கேட்கவே இல்லை. மெல்லத் தொட்டாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே சத்தம்.

சத்தம் போதவில்லையே என்று போன ஞாயிறு ஒரு புளூடூத் ஸ்பீக்கரோடு சேர்த்தேன். அதோடு மானம் போயிற்று. நான் விரல் வைத்து, அது யோசித்து, பிறகு ஒலிக்கிறது. பாடகர் குழு ஸ்பீக்கரைக் கேட்டு இழுக்க, நான் அவர்களைக் கேட்டு இன்னும் இழுக்க, மூன்றாவது சரணத்தில் எல்லாரும் தூங்கும் வேகத்துக்கு வந்துவிட்டோம். போதகரம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

கேட்க வந்தது இதுதான். காசு கொடுத்து நல்ல ஆப் வாங்கினால் சரியாகுமா? குறை டேப்பிலா? இல்லை, ஊறிப்போன பியானோவுக்கே பழகின என் காதிலா?

---

அம்மாபேட்டை_தறி:

அண்ணா, வணக்கம். உங்கள் காதில் குறை இல்லை. எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி ஓடுகிறது. நான் பகலில் தறி, ராத்திரி மெல்லிசைக் கச்சேரியில் கீபோர்டு. தறி நிற்காத வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு போனிலேயே பழகினவன் என்பதால் இந்தப் பிழைப்பு முழுக்கத் தெரியும்.

முதலில் சத்தம். பியானோவின் கடைசி இடது கட்டை செகண்டுக்கு 27.5 முறை அதிரும், அதாவது 27.5 ஹெர்ட்ஸ்; மிடில் ஸி சுமார் 262. போன், டேப்பில் இருக்கும் பொடி ஸ்பீக்கரில் இருநூறு முந்நூறுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. அப்படியென்றால் உங்கள் இடது கை வாசிக்கிற ஸ்வரங்களின் அடி ஒலி வெளியே வருவதே இல்லை. அதன் மேல் கிளைகள் மட்டும் வரும், அதை வைத்துக் காது மீதியை ஊகித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தறியின் 'தடக்' மட்டும் சுவர் தாண்டிப் போகும், நாடாவின் 'கிளிக்' போகாது. டேப் ஸ்பீக்கர் அதற்கு நேர் எதிர்: கிளிக் வரும், தடக் வராது. ஒயர் வைத்த சாதாரண ஹெட்போனைச் செருகி அதே ஆப்பைக் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்து புளூடூத். வாசிக்கிறவனுக்கு அது ஆகவே ஆகாது. ஒலியைச் சுருட்டி, அனுப்பி, அந்தப் பக்கம் பிரிப்பதற்குள் சாதாரணமாக 150 முதல் 250 மில்லிசெகண்ட் போய்விடும். காற்றில் ஒலி ஒரு செகண்டுக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. 200 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் பியானோ உங்களிடமிருந்து 68 மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். நீங்கள் சர்ச்சுக்குள்ளே, பியானோ ரோட்டில்! படம் பார்க்கும்போது தெரியாது, ஏனென்றால் படத்தையும் சேர்த்தே தாமதப்படுத்தி ஒட்டிவிடுவார்கள். விரலைத் தாமதப்படுத்த முடியாதே. கேபிள் வாங்கிச் செருகுங்கள். டேப்பில் ஹெட்போன் ஓட்டை இல்லையென்றால் சார்ஜ் போடும் ஓட்டையில் செருகும் கன்வெர்ட்டர் கிடைக்கும். ஆண்ட்ராய்டு 8, அதாவது 2017க்கு முந்தைய பழைய டேப் என்றால் கேபிளிலும் கொஞ்சம் பின்தங்கலாம்.

இலவச ஆப் தம்ளர் மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் அதன் அளவு. இருபது முப்பது எம்பிக்குள் அடங்கவேண்டும் என்றால் நாலைந்து கட்டைக்கு ஒரு பதிவு, அதுவும் ஒரே அழுத்தத்தில் வாசித்தது. அதையே மேலும் கீழும் இழுத்துப் பக்கத்துக் கட்டைக்கும் கொடுத்துவிடுவார்கள். சாலமாண்டர் என்று இலவசமாகவே ஒரு பதிவுத் தொகுப்பு இருக்கிறது, யமஹா ஸி5 கிராண்ட் பியானோவை வைத்து எடுத்தது. அதில் பதிவான ஒவ்வொரு ஸ்வரமும் 16 அழுத்தங்களில் இருக்கிறது. ஓங்கி அடித்தால் தந்தி சத்தமாக மட்டும் ஒலிப்பதில்லை, நிறமே மாறிக் கணீரென்று வரும். ஒரே பதிவின் வால்யூமை ஏற்றி இறக்கினால் அந்த நிறம் வராது.

மெல்ல, ஓங்கி என்ற விஷயம்தான் பெரிய தலைவலி. கீபோர்டும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள 1983இல் வந்த மிடி முறையிலேயே கட்டை எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதற்கு 127 படிகள் வைத்துவிட்டார்கள். ஆனால் டேப்பின் கண்ணாடிக்குக் கனம் தெரியாது, விரல் பட்டதா இல்லையா என்பதுதான் தெரியும். சில ஆப்கள் விரல் படும் பரப்பை வைத்து ஊகிக்கும். ஆப்பிளின் கராஜ்பேண்ட் 2011இல் ஐபேடுக்கு வந்தபோது ஒரு தந்திரம் செய்தது: நீங்கள் தட்டும்போது டேப்பே ஏற்படுத்தும் அதிர்வை உள்ளே இருக்கும் அசைவு உணரியால் அளந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். ஐபோன் 6எஸ்ஸில், 2015இல், அழுத்தம் அறியும் திரையே வைத்தார்கள். 2019இல் ஐபோன் 11 வரும்போது அதைத் தூக்கிவிட்டார்கள்.

என் யோசனை: தட்டும் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும் டச் ரெஸ்பான்ஸும் யுஎஸ்பியும் உள்ள பழைய கீபோர்டு ஒன்றைக் கைமாற்றாக வாங்குங்கள். டேப்பின் சார்ஜ் ஓட்டையில் யுஎஸ்பி கருவியைச் செருக உதவும் ஓடிஜி கேபிள் ஒன்றில் அதை டேப்போடு சேருங்கள். ஆண்ட்ராய்டு 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் மிடி எடுத்துக்கொள்ளும். விரலுக்குக் கீபோர்டு, ஒலிக்கு ஆப், வெளியே விட ஒயர் ஸ்பீக்கர். நான் வருஷக்கணக்காக அப்படித்தான் ஓட்டுகிறேன்.

---

தட்டுவடை_செட்:

எங்கள் பாப்பா போன் ஆப்பில்தான் இரண்டு வருஷம் வாசித்தாள். பிறந்தநாளுக்கு நிஜ கீபோர்டு வாங்கி வந்து வைத்தேன். ஒரு கட்டையைத் தொட்டாள், அது கீழே இறங்கியது. "அப்பா, உடைஞ்சிருச்சு" என்று அழுதுவிட்டாள்.

---

கீபோர்டு_டீச்சர்_அஸ்தம்பட்டி:

பாப்பா சொன்னதுதான் விஷயமே! பியானோக் கட்டை சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது, இறக்க ஏறக்குறைய 50 கிராம் கனம் வேண்டும். அந்த ஒரு சென்டிமீட்டருக்குள்தான் வாசிப்பவருடைய முழு வித்தையும் நடக்கிறது. 1700 வாக்கில் இத்தாலியின் ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி இதைச் செய்தபோது மெல்லவும் வலுவாகவும் ஒலிப்பது என்ற பொருளில்தான் பெயரே வந்தது. பியானோ என்றால் இத்தாலிய மொழியில் மெல்ல. அது இல்லாத ஆப்பை நான் பியானோ என்று சொல்லமாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மூடுபனி சார், உங்கள் டேப்பில் இன்னொரு சங்கடமும் இருக்குமே? ஒரு ஸியிலிருந்து அடுத்த ஸி வரை, அதாவது ஒரு ஆக்டேவ், நிஜ பியானோவில் சுமார் பதினாறரை சென்டிமீட்டர். பத்து இன்ச் திரையில் இரண்டு ஆக்டேவ் காட்டினால் கட்டை அத்தனையும் மெலிந்துவிடும். முப்பது வருஷமாக விரிந்து பழகின கை அங்கே போய்க் குறுகவேண்டும். போதாததற்குக் கண்ணாடியில் மேடு பள்ளம் கிடையாது. கருப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக நிற்பதைத் தடவித்தான் பார்க்காமல் இடம் கண்டுபிடிக்கிறோம். ஆப்பில் பழகி என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாரும் தலையைக் குனிந்தபடியே இருப்பார்கள். விரலைத் தட்டையாக வைத்து, தொட்டவுடன் சூடு பட்ட மாதிரி எடுத்துவிடுவார்கள். அதைத் திருத்தவே இரண்டு மாதம் ஆகிறது.

ஆப் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாடகர் குழுவுக்குச் சுருதி எடுத்துக் கொடுக்க, பேருந்தில் போகும்போது சில ஸ்வரங்களைச் சேர்த்து வாசிக்கும் ஒரு கார்டைச் சரிபார்க்க நானும் வைத்திருக்கிறேன்.

அம்மாபேட்டைத் தம்பி சொன்ன ஏற்பாடு உங்களுக்கு ஒத்துவரும். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். கைமாற்றாகக் கிடைப்பது பெரும்பாலும் 61 கட்டை, ஸ்பிரிங் வைத்த லேசான கட்டை. ஞானப்பாட்டுகளுக்கு அந்த 61 போதும், ஆனால் பழைய பியானோவின் கனத்தை அதில் தேடாதீர்கள். விரலை எடுத்த பிறகும் ஸ்வரத்தை நீட்டிவைக்கும் பெடலும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் சர்ச்சில் வாசித்தால் வரிகள் துண்டு துண்டாக விழும்.

---

மூடுபனி_ஏற்காடு:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஹெட்போன் செருகிப் பார்த்தேன் தம்பி. இடது கை திரும்பி வந்துவிட்டது, அதே ஆப்தான். கூடவே நான் இடது கையில் இத்தனை நாள் செய்துகொண்டிருந்த தப்புகளும் கேட்டன, அது வேறு விஷயம்.

போன சனிக்கிழமை சேலம் இறங்கி, தெரிந்தவர் வீட்டில் பரண்மேல் கிடந்த 61 கட்டைக் கீபோர்டைப் பெடலோடு வாங்கிவந்தேன். மலை ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் "ஊதுபத்தி ஸ்டாண்டா?" என்று கேட்டார். அவ்வளவு நீளத்துக்கு யார் ஊதுபத்தி ஏற்றுவார்கள் தெரியவில்லை.

நேற்று சர்ச்சில் ஓடிஜி கேபிள் போட்டு, மைக் செட் ஆம்பிளிஃபையரில் ஒயரிலேயே சேர்த்தேன். தாமதம் ஒன்றும் தெரியவில்லை. குழு நேரத்துக்கு முடித்தது. டீச்சர் சொன்னது மாதிரி கட்டை ரொம்ப லேசுதான். முதல் பாட்டில் என் கை கனத்துக்கு இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது பாட்டில் அடங்கிவிட்டது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. இந்தக் கீபோர்டில் டி கட்டை ஒழுங்காகவே எழுந்துவிடுகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடிவிலும் என் இடது பெருவிரல் அதைத் தூக்கப் போய்விடுகிறது.