சீன எழுத்து: ஆப்பில் ஒரு வரிசை, புத்தகத்தில் வேறு வரிசை. எதைப் பின்பற்றுவது?

கேள்வி:
எச்எஸ்கே (சீன மொழித் திறன் தேர்வு) இரண்டாம் நிலைக்குப் படிக்கிறேன். எழுத்துகளைப் பார்த்து வாசிக்க வருகிறது, எழுதும்போதுதான் குழப்பம். 'அரசன்' (வாங்) எழுத்துக்கு ஆப்பில் இரண்டு குறுக்குக்கோடு, பிறகு நெடுக்குக்கோடு, கடைசியில் அடிக்கோடு என்று வருகிறது. கையில் இருக்கும் பழைய புத்தகத்தில் முதல் குறுக்குக்கோட்டுக்கு அடுத்ததே நெடுக்குக்கோடு. 'வயல்', 'வலது' இரண்டிலும் இதே தகராறு. எது சரி? எப்படிப் போட்டாலும் எழுத்து ஒன்றுதானே, வரிசைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

பதில் 1:
உங்கள் புத்தகம் ஜப்பானிய கான்ஜிக்கானதாக (ஜப்பானியர் பயன்படுத்தும் சீன எழுத்துகள்) இருக்கும். மூன்று எழுத்துகளுமே இரு நாட்டு முறையும் பிரியும் இடங்கள். 'வயல்' எழுத்தில் சட்டத்துக்குள் சீனர்கள் குறுக்கை முதலில் போடுவார்கள், ஜப்பானியர்கள் நெடுக்கை. 'வலது' எழுத்தைச் சீனாவில் குறுக்குக்கோட்டில் தொடங்குவார்கள், ஜப்பானில் இடப்பக்கம் இறங்கும் சாய்கோட்டில்.

எச்எஸ்கே என்றால் சீன முறைதான். 8105 எழுத்துகளுக்கும் கோட்டு வரிசையை வரையறுக்கும் தரநிலை 2021 மார்ச் 1 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. தைவானுக்குத் தனி முறை உண்டு. எந்த ஆப் என்றாலும் எந்த நாட்டு வரிசை என்று அமைப்புகளில் பார்த்துவிடுங்கள். கலந்து படித்தால் கை எதிலும் படியாது.

பதில் 2:
மேலிருந்து கீழ், இடமிருந்து வலம், குறுக்குக்குப் பின் நெடுக்கு என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அதோடு நிறுத்திக்கொள்பவர்கள் தடுமாறுவது எழுத்தின் இடப்பக்க உறுப்பில், அதாவது வேறொரு எழுத்துக்குள் பகுதியாக வரும் எழுத்தில்.

'மாடு' (நியூ) தனியாக வரும்போது சாய்கோடு, குறுக்கு, குறுக்கு, நெடுக்கு. அதுவே 'பொருள்' (வூ) எழுத்தில் இடப்பக்கம் ஒடுங்கும்போது சாய்கோடு, குறுக்கு, நெடுக்கு, கடைசியில் வலப்பக்கம் மேலேறும் கீற்று. பேனா அடுத்த உறுப்பை நோக்கிப் போய்க்கொண்டிருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்த மாற்றம். 'வண்டி' உறுப்பும் அப்படியே. 'மண்' உறுப்பில் வரிசை மாறாது, அடிக்கோடு மட்டும் மேலேறும்.

விதிக்கு அடங்காதவை சில: 'சிறிய' எழுத்தில் நடுக்கோடு முதலில், 'தீ' எழுத்தில் இருபக்கப் புள்ளிகள் முதலில். 'நாடு' எழுத்தில் சட்டத்தின் அடிக்கோடு உள்ளே எல்லாம் முடிந்த பிறகே. 'நான்' எழுத்தின் வலது மேல் புள்ளி கடைசி.

பதில் 3:
மெனக்கெட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள், கட்டாயம் வேண்டும். போனில் கோட்டு விசைப்பலகையைத் திறந்து பாருங்கள். 1 குறுக்கு, 2 நெடுக்கு, 3 இடச்சாய்வு, 4 புள்ளி, 5 மடங்கும் கோடு. மேலேறும் கீற்று 1-இல் சேரும், வலச்சாய்வு 4-இல். 'அரசன்' என்பது 1121. உங்கள் புத்தகப்படி 1211 தட்டினால் வராது. வேகமாக எழுதும் ஷிங்ஷு கையெழுத்தில் கோடுகள் வரிசைப்படியே ஒன்றோடொன்று இணைவதால், வரிசை தெரியாதவர் அதை வாசிக்கவும் திணறுவார்.

கோட்டு எண்ணிக்கையும் இதோடு சேர்ந்ததுதான். 'வெளியே' (சூ) எழுத்தை 'மலை' எழுத்து இரண்டை அடுக்கியதாக நினைத்து ஆறு கோடு போடுகிறார்கள். அது ஐந்துதான், 52252: மேலே மடங்குகோடு, அதன் வலச் சிறுகோடு, பிறகு இரண்டையும் ஊடுருவி இறங்கும் ஒரே நெடுங்கோடு, கீழ் மடங்குகோடு, வலக்கோடு. 'வாய்' (கோவ்) மூன்று கோடு. வட்டம் போடுவது போல ஒரே இழுப்பில் இழுத்தால் மூலைகள் மழுங்கிவிடும்.

பயிற்சிக்கு வயல் எழுத்து வடிவக் கட்டத்தாள் (தியன்ட்ஸகெ) போதும். ஒவ்வொரு கோட்டையும் ஹெங் (குறுக்கு), ஷூ (நெடுக்கு), பியே (இடச்சாய்வு) என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். மூன்று முறை பார்த்து, பிறகு மூடிவைத்து ஒரு முறை. எந்தக் கோட்டில் கை தயங்குகிறதோ அதைக் குறித்துக்கொண்டு மறுநாள் அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'கட்டாயம்' (பீ) எழுத்தில் உள்ளே இருக்கும் 'இதயம்' எழுத்தை முடித்துவிட்டுத்தானே சாய்கோடு?

பதில் 2:
இல்லை, 45434. இடப் புள்ளி, படுத்த கொக்கிக்கோடு, நடுப் புள்ளி, அடுத்து சாய்கோடு, வலப் புள்ளி கடைசி. இதுவும் ஜப்பானில் வேறு, அந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டாம்.